கல்லா, காற்றா, தண்ணீரா?
மலையடித் திராட்சைக்கு ருசி வரும் வழி

பௌர்ணமி நாளில் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் தள்ளுவண்டி நிறையப் பன்னீர்த் திராட்சை வந்து நிற்கும். பதினான்கு கிலோமீட்டர் நடந்து களைத்தவர்கள் கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டே நடப்பார்கள். மலை இங்கே இருக்கிறது. திராட்சை வருவதோ முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து. "அங்கேயும் மலையடிவாரம், இங்கேயும் மலையடிவாரம். அங்கேயும் செம்மண், இங்கேயும் செம்மண். அங்கே காய்ப்பது இங்கே ஏன் காய்க்காது?" என்று ஒரு கிணறும் இரண்டு ஏக்கரும் உள்ள விவசாயி கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

காய்க்காது என்பதில்லை. திராட்சைக் கொடி அநேகமாக எங்கும் காய்க்கும். எந்த மாதத்தில், என்ன ருசியில், எத்தனை முறை மருந்தடித்த பிறகு காய்க்கும் என்பதுதான் கேள்வி. பந்தல் போடுவது நெல் நடுவதைப்போல ஒரு போகத்து வேலை அல்ல. கல்தூண், கம்பி, குழி, எரு என்று பெரும் பணம் முதலிலேயே நிலத்துக்குள் போய்விடும். கொடியும் பல வருடம் அதே இடத்தில் நிற்கும். இடம் தவறிவிட்டது என்று மூன்றாம் வருடம் தெரிந்தால் போட்ட பணத்தைத் திருப்பி எடுக்க வழியில்லை. எனவே மலைக்கும் மண்ணுக்கும் திராட்சை ருசிக்கும் உள்ள தொடர்பை முன்கூட்டியே விசாரித்துக் கொள்வது நல்லது. இந்த விசாரணையை நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக நடத்தி வந்திருப்பவர்கள் ஒயின் தயாரிக்கும் மேனாட்டு விவசாயிகள். அவர்கள் கண்டதில் நமக்குப் பொருந்துவதும் உண்டு, பொருந்தாததும் உண்டு.

பாறை ஒன்றுதான்

அண்ணாமலை 814 மீட்டர், அதாவது சுமார் 2,670 அடி உயரம். அக்கினித் தலம் என்பதால் இது ஒரு காலத்தில் எரிமலையாக இருந்தது என்று சொல்வாரும் உண்டு. தல புராணம் வேறு, நிலவியல் வேறு. திருவண்ணாமலை வட்டாரத்துப் பாறைகள் எரிமலைக் குழம்பு மேலே வழிந்து ஆறியவை அல்ல. பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய கடும்பாறைகள். வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். இவற்றில் ஒருவகைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை, சென்னைப் பல்லாவரம் பக்கத்துக் கல்லால் ஆனது. அதை வைத்துத்தான் அந்தக் கல்லுக்கே பெயரிட்டார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கின் இருபுறமும் நிற்கும் மலைகளும் பெரும்பாலும் இதே இனத்துப் பாறைகள்தாம். பாறை உதிர்ந்து மண்ணானால் இரண்டு இடத்திலும் இரும்புச் சத்துள்ள செம்மண்ணே கிடைக்கிறது. ஆகவே, "அந்த மலைக் கல்லில்தான் ருசி இருக்கிறது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. கல் ஒன்றாக இருந்தும் ஓரிடத்தில் பந்தல் பந்தலாகத் தொங்குகிறது. இன்னோர் இடத்தில் தள்ளுவண்டியில்தான் பார்க்க முடிகிறது.

மேனாட்டார் கண்டது

ஐரோப்பாவில் கல்லைப் பற்றிய பேச்சு அதிகம். ஜெர்மனியில் மோசல் நதிக்கரைச் சரிவுகளில் பலகை பலகையாக உடையும் கருநிறக் கல்லின் மேல் கொடி வளர்க்கிறார்கள். சில சரிவுகள் 60 டிகிரிக்கும் மேல் செங்குத்தானவை; கூரைமேல் ஏறுவதைப்போல ஏறிக் கவாத்து செய்ய வேண்டும். போர்ச்சுகல் நாட்டின் டோரோ பள்ளத்தாக்கில் ஏடு ஏடாகப் பிளவுபடும் பாறையை உடைத்துப் படிவரப்புக் கட்டியிருக்கிறார்கள். பிரான்சில் பர்கண்டிக்குச் சுண்ணாம்புக் கல், போர்டோவுக்குக் கூழாங்கல் சரளை, இத்தாலியில் எட்னாவுக்கு எரிமலைச் சாம்பல். ஒவ்வோர் ஊராரும் எங்கள் கல்லின் ருசி எங்கள் ஒயினில் தெரிகிறது என்பார்கள். விலை கூட்டி விற்க அது உதவுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

போர்டோ பல்கலைக் கழகத்து ழெரார் செகன் என்ற மண்ணியல் பேராசிரியர் புகழ்பெற்ற தோட்டங்களின் மண்ணை நெடுங்காலம் ஆராய்ந்து, 1986-ல் தம் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். மண்ணில் உள்ள எந்தத் தாது உப்புக்கும் ஒயினின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு காண முடியவில்லை என்பது அதன் சாரம். அவர் கண்ட உண்மையான தொடர்பு தண்ணீருடன். உயர்ந்த தோட்டங்கள் சரளையிலும் இருந்தன, களியிலும் இருந்தன, சுண்ணாம்பிலும் இருந்தன. ஆனால் எல்லாவற்றிலும் மழைநீர் வேரடியில் தேங்காமல் இறங்கியது. காய்ச்சலின்போது ஆழத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் கிடைத்தது. பழுக்கும் காலத்தில் கொடிக்கு இலேசான தாகம் இருந்தது. அவ்வளவுதான் இரகசியம்.

பிரிட்டனைச் சேர்ந்த அலெக்ஸ் மால்ட்மன் என்ற நிலவியல் பேராசிரியர் 2018-ல் எழுதிய நூலிலும் இதையேதான் வலியுறுத்துகிறார். கல் கரைந்து பழத்துக்குள் ஏறி நாக்கில் தெரிவதில்லை. வேர் எடுத்துக்கொள்வது தண்ணீரில் கரைந்த மிகச் சிறிதளவு உப்புகளை மட்டுமே. அவற்றுக்கு நாம் உணரும்படியான ருசி இல்லை. பழத்தின் இனிப்பும் புளிப்பும் மணமும் கொடியே வெயிலையும் காற்றையும் தண்ணீரையும் கொண்டு சமைப்பவை.

அப்படியானால் கல்லுக்கு வேலையே இல்லையா? உண்டு. வேர் எவ்வளவு ஆழம் போகலாம், பெய்த மழை எங்கே நிற்கும், பகல் சூடு இரவில் எவ்வளவு திரும்பி வரும் என்பதையெல்லாம் கல்தான் தீர்மானிக்கிறது. மோசலில் கரும்பலகைக் கல் பகலில் சூடேறி இரவில் கொடிக்குக் கணப்பு மூட்டுகிறது. குளிர்நாட்டில் அது வரப்பிரசாதம். டோரோவில் பாறைப் பிளவுகளின் வழியே வேர் ஆழத்துக்கு இறங்கி, மழையில்லாத கோடையைத் தாண்டுகிறது.

இங்கேதான் மேனாட்டுப் புத்தகத்தை அப்படியே பின்பற்றக் கூடாது என்பது விளங்கும். அவர்கள் தேடுவது வெப்பத்தை. நமக்கு வேண்டியது குளிர்ச்சி. அவர்கள் சூரியனைப் பார்த்த சரிவைத் தேடிக் குலையை வெயிலில் காட்டுகிறார்கள். நாம் ஆள் உயரத்துக்கு மேல் பந்தல் போட்டு, இலையைக் கூரையாக்கி, குலையை நிழலில் தொங்க விடுகிறோம். மலை ஏற முடியாதவனுக்குப் பந்தல்தான் மலை.

இரவு செய்யும் வேலை

திராட்சைக் காய் கடுகளவிலிருந்து பட்டாணி அளவு வரும்வரை புளிப்பைத்தான் சேர்க்கும். நிறம் மாறத் தொடங்கியதும் சர்க்கரை ஏறுகிறது, புளிப்பு இறங்குகிறது. புளிப்பில் இரண்டு வகை. ஒன்று நம் புளியிலும் உள்ள டார்டாரிக் அமிலம். அது எளிதில் குறையாது. மற்றொன்று மாலிக் அமிலம். வெப்பம் கூடினால் கொடி அதை எரித்துச் செலவழித்துவிடும். இரவும் புழுக்கமாக இருந்தால் இந்தச் செலவு இருபத்து நான்கு மணி நேரமும் நடக்கும். இரவு குளிர்ந்தால் பகலில் சேர்ந்த சர்க்கரையும் நிற்கும், புளிப்பும் ஓரளவு மிஞ்சும். இனிப்பும் புளிப்பும் சேர்ந்திருந்தால்தான் நாக்கு அதை ருசி என்று ஒப்புக்கொள்ளும். வெறும் இனிப்பு சர்க்கரைப் பாகுதான்.

நிறமும் அப்படித்தான். கருந்திராட்சையின் தோலில் ஏறும் நீலச் சாயம் கடும் வெப்பத்தில் சரியாக உண்டாவதில்லை. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாவிட்டால் பழம் பழுத்தும் செங்காய்போலச் சிவந்தே நிற்கும். வியாபாரி அதைக் கண்டதும் விலையைக் குறைப்பார். பன்னீர்த் திராட்சைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த மணமும் பழுக்கும் கால வெப்பத்தைப் பொறுத்தே நிற்கும். ரோஜாவில் உள்ள ஜெரானியால் என்ற மணப்பொருள் இதிலும் இருக்கிறது. பெயர் வைத்தவர்களின் மூக்கு பொய் சொல்லவில்லை. மணம் ரகத்தின் பிறவிக் குணம். ஆனால் அது முழுதாக வெளிப்படுவது இடத்தைப் பொறுத்தது.

உயரம் இங்கேதான் உதவுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி சென்டிகிரேடு வெப்பம் குறையும். தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா நாட்டின் சால்டா மாகாணத்தில் 3,000 மீட்டருக்கு மேலேயும் திராட்சை இருக்கிறது. நம் ஊட்டி 2,240 மீட்டர்தான். பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் கடும் குளிர் என்ற நிலையில் அங்கே தோல் தடித்து, நிறம் கறுத்து, புளிப்புக் குறையாமல் பழுக்கிறது.

நம் மக்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. கொடைக்கானல் கீழ்மலைகளில் விளையும் விருப்பாட்சி வாழையைத் தேடிப் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு வாங்கியதும் இதே காரணத்தால்தான். அதே கிழங்கைச் சமவெளியில் நட்டால் மரம் வரும், தாரும் வரும், அந்த மணமும் கெட்டித்தன்மையும் வருவதில்லை.

கம்பத்தின் கதை

கம்பம் பள்ளத்தாக்கு அவ்வளவு உயரமான இடமல்ல; ஏறத்தாழ 400 மீட்டர்தான். ஆனால் மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும் சுவர்போல நிற்கின்றன. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி கேரளப் பக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிட, கணவாய்கள் வழியே காற்றும் சாரலும் மட்டும் இறங்குகின்றன. அந்தக் காற்றை நம்பித் தேனி மாவட்டத்தில் காற்றாலைகளே நிறுவியிருக்கிறார்கள். காற்று ஓடிக்கொண்டே இருந்தால் இலையில் ஈரம் நிற்பதில்லை. ஈரம் நிற்காத இலையில் பூஞ்சணம் எளிதில் பிடிப்பதில்லை. கோடையிலும் மலைக்காற்றால் வெப்பம் சமவெளியளவு ஏறுவதில்லை.

மழை குறைவு என்றால் தண்ணீர்? அதற்கு முல்லைப் பெரியாறு. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்ட நீர் இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் ஓடுகிறது. வானத்திலிருந்து வேண்டாத நேரத்தில் கொட்டாமல், வேண்டிய நேரத்தில் வாய்க்காலிலும் கிணற்றிலும் கிடைக்கும் தண்ணீர். போர்டோ பேராசிரியர் சரளைக்கு அடியில் கண்ட அதே வசதியை இங்கே ஆறும் மலையும் சேர்ந்து செய்து கொடுத்திருக்கின்றன.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர், இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று ஊர் ஊராகப் பந்தல். விளைவது பெரும்பாலும் மஸ்கட் ஹாம்பர்க் என்ற பன்னீர் ரகம். பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இங்கே கொண்டுவந்தார் என்பது அங்கே வழங்கும் செய்தி. 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சை புவிசார் குறியீடு பெற்றது. வேறு ஊர்ப் பழத்தை இனி அந்தப் பெயரில் விற்கச் சட்டத்தில் இடமில்லை.

கம்பத்தின் பெரிய வசதி இன்னொன்று. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் கொடி உறங்கிவிடும். வருடத்துக்கு ஒரே அறுவடை. நம் நாட்டில் கொடிக்கு உறக்கமே இல்லை. கவாத்துக் கத்திதான் அதை எழுப்பவேண்டும். பன்னீர் ரகத்தில் அடிக்கணுக்களிலேயே காய்க்கும் மொட்டு இருப்பதால் நான்கு கணு விட்டு வெட்டினால் போதும். ஏறத்தாழ 120 நாளில் பழம். வருடத்தில் இரண்டு அறுவடை, சிலர் இரண்டு வருடத்தில் ஐந்து. ஒருவர் வெட்டும்போது அடுத்தவர் அறுவடை செய்வார். வருடம் முழுவதும் சந்தைக்குப் பழம் போகிறது.

இதன் பொருள் ஒன்று உண்டு. மேனாட்டு விவசாயி தோட்டத்தின் இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கலாம், காலம் இயற்கை வைத்தது. நம் விவசாயி கவாத்து நாளைத் தேர்ந்தெடுப்பதன் மூலம் பழம் பழுக்கும் காலத்தையும் தேர்ந்தெடுக்கிறார்.

நாசிக்கும் நந்தி மலையும்

இந்தியாவில் ஒயினுக்கென்றே திராட்சை வளர்க்கும் இடங்களும் இதைத்தான் செய்கின்றன. மகாராஷ்டிரத்தில் நாசிக் கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டர் அளவில் உள்ள மேட்டு நிலம். அடியில் கருநிற எரிமலைப் பாறை. கர்நாடகத்தில் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரம் ஏறத்தாழ 900 மீட்டர். அங்கே பாறை நம் ஊர்போன்ற கடும்பாறை. மண் இரண்டும் இரண்டு விதம். ஆனால் இரண்டு இடத்திலும் பழம் பழுப்பது மழை ஓய்ந்து, இரவு குளிரும் மாதங்களில் வருமாறு கவாத்து செய்கிறார்கள். நாசிக்கில் அக்டோபர் வாக்கில் வெட்டி, ஜனவரிக்குப் பின் அறுவடை. ஜனவரி இரவுகளில் அங்கே 10 டிகிரி அளவுக்கும் இறங்கும்.

திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் திருவண்ணாமலை நகரம் 200 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. பெங்களூர் மேட்டுக்கும் நமக்கும் உள்ள 700 மீட்டர் வித்தியாசம், வெப்பத்தில் நான்கு ஐந்து டிகிரி. மனிதனுக்கு அது ஒரு போர்வை. திராட்சைக்கு அது நிறமும் புளிப்பும்.

திருவண்ணாமலைக் கணக்கு

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். அண்ணாமலையின் மேல் நடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை, அது காப்புக்காடு. செங்கம், கலசபாக்கம், போளூர், தண்டராம்பட்டு வட்டங்களில் ஜவ்வாது மலை, தென்பெண்ணை ஓரத்துக் குன்றுகள் ஆகியவற்றின் அடிவாரத்துச் செம்மண் நிலங்களையே நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஆண்டு மழை ஏறத்தாழ ஆயிரம் மில்லிமீட்டர். அதில் தென்மேற்குக்கும் வடகிழக்குக்கும் பங்கு உண்டு. ஜூலை, ஆகஸ்டிலிருந்தே இடி மழை தொடங்கி, செப்டம்பரில் வலுத்து, அக்டோபர், நவம்பரில் புயலும் சேர்ந்துகொள்ளும். மே மாதத்தில் பகல் 38, 40 டிகிரியைத் தொடும். இரவிலும் 26-க்குக் கீழே இறங்குவது அரிது. ஜனவரியில்தான் இரவு 20 டிகிரிக்குப் பக்கத்தில் வருகிறது.

இந்த வருடத்தின் மேல் நான்கு மாதக் கொடியை மூன்று விதமாக வைத்துப் பார்க்கலாம்.

மே, ஜூனில் கவாத்து செய்தால் ஆகஸ்டு, செப்டம்பரில் பழம். கம்பத்துக்கு இது நடப்பது. நமக்கோ சரியாகப் பழுக்கும் நேரத்தில் மழை. திடீரென்று வேருக்கு நீர் கிடைத்ததும் பழம் உப்பித் தோல் வெடிக்கும். வெடித்த பழத்தில் அழுகலும் குளவியும். பன்னீரின் தோல் மெல்லியது. அறுவடையைத் தள்ளிப்போடவும் முடியாது. ஒரு வாரத்து மழை நான்கு மாத உழைப்பைக் கொண்டுபோகும்.

செப்டம்பரில் கவாத்து செய்தால் ஜனவரியில் பழம். இரவுக் குளிரை நினைத்தால் ருசிக்கு இதுதான் சிறந்தது. நாசிக்காரர் கணக்கும் இதுதான். ஆனால் நாசிக்கில் அக்டோபரோடு மழை ஓய்கிறது. இங்கே அப்போதுதான் கொட்டுகிறது. துளிரும் பூங்கொத்தும் வெளிவரும் நேரத்தில் அடைமழை பிடித்தால் அடிச்சாம்பல் நோய் பூவையே கருக்கிவிடும். மழை தவறிய வருடம் நல்ல பழம் கிடைக்கலாம். ஆனால் மழை தவறவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும் விவசாயி திருவண்ணாமலையில் யார் இருக்கிறார்கள்?

டிசம்பர் கடைசியில் அல்லது ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல், மே மாதத்தில் பழம். துளிர்ப்பிலிருந்து அறுவடை வரை பெரும்பாலும் வறண்ட வானம். நோய் குறைவு, மருந்துச் செலவு குறைவு. சர்க்கரையும் நன்றாக ஏறும். குறை என்னவென்றால் பழுக்கும் காலம் கத்திரி வெயில். நிறம் கம்பத்துப் பழம்போல ஏறாது, புளிப்பும் மணமும் மட்டாக இருக்கும். கோடையில் கிணற்றில் தண்ணீர் இருக்கவேண்டும் என்பதும் நிபந்தனை. நம் மாவட்டத்துக் கடும்பாறைக் கிணறுகள் ஏப்ரலில் எப்படி இருக்கும் என்பது அவரவருக்கே தெரியும்.

ஆக, சொட்டு நீரும் கோடையில் வற்றாத கிணறும் உள்ளவர், கோடை அறுவடை ஒன்றை மட்டும் நம்பிச் சிறு அளவில் முயலலாம். வருடத்துக்கு இரண்டு அறுவடை என்று கம்பத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் கடன் வாங்குவது சரியல்ல. பன்னீர் ரகத்துக்கு ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 12 டன் என்று சொல்லப்படும் மகசூல் நல்ல தோட்டத்தின் ஆண்டு மொத்தக் கணக்கு. ஒற்றை அறுவடையில் அதை எதிர்பார்க்கலாகாது.

மண் பார்க்கும் முறை

திராட்சைக்கு வளமான மண்ணைவிட வடிகால் உள்ள மண் முக்கியம். ஏரிக்கரைக் களிமண்ணில் நட்டால் கொடி செழித்து இலை காட்டும். பழம் நீர்த்துப் போகும். மேட்டுச் செம்மண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. மேலே இரண்டடி நல்ல மண், அடியில் சட்டிபோலப் பாறைத்தளம் என்றால் மழைநீர் அந்தச் சட்டியிலேயே நிற்கும். வேர் அழுகும்.

நிலத்தில் நான்கைந்து இடத்தில் மூன்றடி ஆழம் குழி எடுத்துப் பார்த்தால் போதும். குழியின் பக்கச் சுவரில் மண் படலங்கள் தெரியும். சரளையும் உதிர்ந்த பாறையும் கலந்து, கடப்பாரை இறங்குகிறது என்றால் நல்லது, வேரும் இறங்கும். வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் தெரிந்தால் எச்சரிக்கை வேண்டும். சுண்ணாம்பு மிகுந்தால் கொடி இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் துளிர் வெளிறிவிடும். பிறகு குழியில் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடம் திராட்சைக்கு ஆகாது.

மண்ணையும் கிணற்று நீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துச் சோதித்துக் கொள்ள வேண்டும். மண்ணின் கார அமில நிலை 6.5 முதல் 7 வரையும், உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறன் 1-க்குக் குறைவாகவும் இருப்பது ஏற்றது. தண்ணீரில் உப்பு இருந்தால் இலை ஓரம் கருகும். உப்பைத் தாங்கும் டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்று ஓரளவு சமாளிக்கும். இது அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியிலிருந்து வந்த காட்டுத் திராட்சை. ஓரளவுதான், களர் நிலத்தை அது நல்ல நிலமாக்காது.

பழுக்கும் காலத்தில் தழைச்சத்தும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்தால் எடை கூடும், ருசி போகும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே நீரை நிறுத்தவேண்டும். பன்னீரில் குலை நெருக்கமாக இருக்கும். காய் பட்டாணி அளவில் இருக்கும்போது நூற்றுக்கு இருபது காய்களைக் கத்தரித்து எடுத்தால் மீதி சீராகப் பருக்கும், நிறமும் உள்வரை ஏறும். கையில் வந்த காயை வெட்டிப் போட மனம் வராது. ஆனாலும் செய்து பார்த்தவர்கள் விடுவதில்லை.

வழிப்பறிக்குப் பயந்து பிறந்த மருந்து

மழையுள்ள ஊரில் திராட்சை வைப்பவருக்குப் போர்டோ கலவை அவசியம். இந்த மருந்தே ஒயின் நாட்டில் பிறந்ததுதான். 1882-ல் போர்டோ அருகே மெடாக் பகுதியில் மில்லார்டே என்ற பேராசிரியர் நடந்து போனபோது, எல்லாத் தோட்டத்திலும் இலை உதிர்ந்திருக்க, சாலையோரத்து வரிசைகளில் மட்டும் பச்சையாக இருப்பதைக் கண்டார். வழிப்போக்கர்கள் பழம் பறிக்காதிருக்க, நச்சுபோலத் தோன்றட்டும் என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்திருந்தார்கள். அதுவே அடிச்சாம்பல் நோயைத் தடுத்திருந்தது. ஆராய்ந்து 1885-ல் வெளியிட்டார்.

ஒரு சதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோவை 50 லிட்டர் நீரிலும், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை வேறு 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு, தகரப் பாத்திரம் ஆகாது; மண் அல்லது பிளாஸ்டிக் தொட்டி வேண்டும். பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்புத்துகள் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். பிஞ்சும் பழமும் உள்ளபோது அடிப்பதானால் தோட்டக்கலை அலுவலரைக் கேட்டுக்கொண்டு அடிப்பது நல்லது. வறண்ட மாதங்களில் வெண்பொடி பூத்தாற்போல் வரும் சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம் போதும். உச்சி வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும்.

ஒயினுக்கு விற்கலாமா?

பழம் விலை போகாதபோது ஒயின் ஆலைக்குக் கொடுக்கலாமே என்ற எண்ணம் எழும். மேஜைக்கு வரும் திராட்சையை நூற்றுக்கு 16, 18 பங்கு சர்க்கரையில் பறிக்கிறோம். ஒயினுக்கு 22, 24 வேண்டும். புளிப்பும் குறையக் கூடாது. அதற்காக மேனாட்டார் ஏக்கருக்கு மூன்று டன் அளவிலேயே காய்ப்பைக் கட்டுப்படுத்துகிறார்கள். கிலோ கணக்கில் விலை வாங்கும் நம் சிறு விவசாயிக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. வீட்டில் வடித்து விற்கலாம் என்றால், 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். சாறு, பானகம், ஜெல்லி ஆகியவற்றுக்கு அந்தத் தடை இல்லை. உணவுப் பாதுகாப்புப் பதிவு செய்துகொண்டால் கிரிவலக் கூட்டமே நல்ல சந்தை.

முயல விரும்புவோர் பந்தலுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகம் நடத்தும் திராட்சை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்வருவது நல்லது. செப்டம்பரில் போனால் அங்கே பழம் தொங்கும்போது நம் ஊரில் எவ்வளவு மழை பெய்கிறது என்பதையும் ஒப்பிட்டுக் கொள்ளலாம். நடவுக்கு ஜூன், ஜூலை ஏற்றது. பன்னீருக்கு இரண்டடி அகலம், இரண்டடி ஆழம் வாய்க்கால்போல எடுத்து, தொழு உரம் இட்டு மூடி ஆறவிட்டு, வரிசைக்கு வரிசை பத்தடி, கொடிக்குக் கொடி ஆறரை அடி இடைவெளியில் வேர்விட்ட குச்சிகளை நடவேண்டும். குழி எடுக்கும் வேலையை ஏப்ரலிலேயே முடித்து, கிணற்றில் அப்போது எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளவும்.